ஒரே நிபந்தனை, ஒரே 5 பவுண்டு: டன்லப் ஒரு வழக்கில் வென்றதும் மற்றதில் தோற்றதும் ஏன்?

கேள்வி ஒரு சட்டக் கல்லூரி மாணவரிடமிருந்து வந்திருக்கிறது. டன்லப் டயர் கம்பெனி, தான் குறித்த விலைக்குக் கீழே விற்ற வியாபாரிகள் மீது தொடர்ந்த இரண்டு வழக்குகள் அவருடைய பாடத்தில் வருகின்றன. இரண்டிலும் நிபந்தனை ஒன்றே: பட்டியல் விலையைக் குறைத்து விற்றால் ஒவ்வொரு டயருக்கும் 5 பவுண்டு கட்ட வேண்டும். இரண்டையும் முடித்துவைத்தது, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை. இடையில் ஓராண்டுகூட இல்லை. ஒன்றில் டன்லப் வென்றது, மற்றதில் தோற்றது. ‘இவற்றில் எது சரியான சட்டம்? இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பிரதிபலனை (ஒரு வாக்குக்கு ஈடாகக் கொடுப்பதை) யார் வேண்டுமானாலும் தரலாம் என்பதால், இங்கே நடந்திருந்தால் டன்லப் இரண்டிலும் வென்றிருக்குமா?’ என்று கேட்கிறார்.

இரண்டும் சரியான சட்டம்தான். விலை நிபந்தனை செல்லுமா என்று கேட்பதாக அவர் நினைக்கிறார். ஆனால் அவர் கேள்விக்குள் இருப்பது வேறொன்று. ஒருவர் கொடுத்த வாக்கை நிறைவேற்றும்படி நீதிமன்றத்தில் வந்து கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அது. விநியோகஸ்தர் ஒப்பந்தங்களை எழுதுவதும், அவை முறிந்தால் வாதாடுவதும் பல ஆண்டுகளாக என் வேலை. எனவே ஒப்பந்தச் சட்டப் பகுதியை உறுதியாகச் சொல்ல முடியும். கடைசியில் வரும் போட்டிச் சட்டத்தில் பாதி பொருளாதாரம். அது என் துறையல்ல என்பதால் அங்கே அடக்கியே பேசுகிறேன்.

எளிய வழக்கை முதலில் முடித்துவிடலாம். டன்லப் எதிர் நியூ கராஜ், 1914 ஜூலையில் தீர்ப்பானது. ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் டன்லப், மறுபக்கம் நியூ கராஜ். நடுவில் வேறு வியாபாரி யாரும் இல்லை. ஆகவே டன்லப் வழக்குத் தொடரலாமா என்ற பேச்சே எழவில்லை. அந்த 5 பவுண்டு, இழப்பை நியாயமாக முன்கூட்டி மதிப்பிட்ட தொகையா, அல்லது மிரட்டுவதற்காக வைத்த தண்டத் தொகையா என்பது பற்றித்தான் சண்டை முழுவதும் நடந்தது. நியாயமான முன்மதிப்பீடு என்று சபை சொன்னது, டன்லப் வென்றது. அவ்வளவுதான்.

அடுத்தது 1915 ஏப்ரலில் தீர்ப்பான டன்லப் எதிர் செல்ஃப்ரிட்ஜ். இங்கே சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதல். டியூ என்ற மொத்த வியாபாரி 1911 அக்டோபரில் டன்லப்புடன் ஒப்பந்தம் செய்தார். பட்டியல் விலைக்குக் கீழே விற்பதில்லை. வியாபாரிகளுக்கு மட்டும் தள்ளுபடி தரலாம், ஆனால் அப்படித் தரும்போது அந்த வியாபாரியிடமிருந்தும் இதே போன்ற உறுதிமொழியை எழுத்தில் வாங்க வேண்டும். அந்த அளவில் டியூ டன்லப்பின் முகவராகச் செயல்படுவார் என்பது ஏற்பாடு. 1912 ஜனவரியில் லண்டனின் பெரிய கடையான செல்ஃப்ரிட்ஜ், டியூ கொடுத்த தாளில் கையெழுத்திட்டது. மீறினால் ஒவ்வொரு டயருக்கும் 5 பவுண்டை டன்லப்புக்குக் கட்டுவதாக அதில் எழுதியிருந்தது. பிறகு இரண்டு வாடிக்கையாளர்களுக்கு விலையைக் குறைத்தது. டன்லப் வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றம் டன்லப் பக்கம் நின்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது, பிரபுக்கள் சபை அந்தப் புரட்டலை உறுதி செய்தது.

மாணவர்கள் பெரும்பாலோர் இங்கே ‘டன்லப் தரப்பாக இல்லாததால் தோற்றது’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தவறில்லை; ஆனால் பாதி விடைதான். வழக்கைக் கேட்ட நீதிபதிகளில் ஒருவரான ஹால்டேன் பிரபு இரண்டு கொள்கைகளைத் தனித்தனியே வைத்தார். ஒன்று, ஒப்பந்தத்தில் தரப்பாக இருப்பவர் மட்டுமே அதன் மீது வழக்குத் தொடரலாம். பிரிவிட்டி என்று நாம் சொல்வது இதுதான். இரண்டு, முத்திரையிட்ட பத்திரமாக இல்லாத வாக்கை அமல்படுத்தக் கேட்பவர், அந்த வாக்குக்காகத் தானே பிரதிபலன் கொடுத்திருக்க வேண்டும். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் ஏற்றுக்கொண்டார்: பெயர் சொல்லாத ஒருவருக்காக முகவர் ஒப்பந்தம் செய்திருந்தால், அந்த மறைந்திருப்பவர் முன்னால் வந்து வழக்குத் தொடரலாம். டன்லப்பின் நம்பிக்கை முழுவதும் இந்த மூன்றாவது வழியில்தான் இருந்தது. எங்களுக்காகத்தான் டியூ அந்தக் கையெழுத்தை வாங்கினார், ஆகவே நாங்களே தரப்பு என்று வாதிட்டது. சரி, முகவர் என்றே வைத்துக்கொள்வோம் என்று சபை விட்டுக்கொடுத்துப் பார்த்தது. அப்படியும் டன்லப் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

செல்ஃப்ரிட்ஜ் விலையைக் குறைக்க மாட்டேன் என்று சொன்னதற்கு ஈடாக அதற்குக் கிடைத்தது என்ன? பட்டியல் விலைக்குக் கீழே டயர்கள். யார் கொடுத்தது? டியூ. அந்த டயர்கள் யாருடையவை? டியூ விலை கொடுத்து வாங்கிய, டியூவின் சொந்தச் சரக்கு. டன்லப் தரப்பு ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருந்தது: நாங்கள் அனுமதித்ததால்தான் டியூவால் தள்ளுபடி தர முடிந்தது, அந்த அனுமதியே செல்ஃப்ரிட்ஜுக்கு நாங்கள் கொடுத்த பிரதிபலன். இன்னொரு நீதிபதியான டனிடின் பிரபு இதைப் பிரித்துப் பார்த்தார். சரக்கு டியூவின் உடைமை ஆகிவிட்ட பிறகு, அதை யாருக்கும் எந்த விலைக்கும் விற்க டியூவால் முடியும். அப்படி விற்றால் டன்லப்புடன் செய்த ஒப்பந்தத்தை மீறிய குற்றம் டியூவின் மேல் வரும். வாங்கியவரின் உரிமை அதனால் கெடாது. ஆக, டன்லப்பின் அனுமதி இல்லாவிட்டாலும் செல்ஃப்ரிட்ஜுக்கு டயரும் கிடைத்திருக்கும், தள்ளுபடியும் கிடைத்திருக்கும். டன்லப் செல்ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்ததாக எதையும் காட்ட முடியவில்லை.

டனிடின் பிரபுவுக்கே இந்த முடிவு இனிக்கவில்லை. பிரதிபலன் என்ற கோட்பாட்டின் மீது ஒருவருக்கு அரும்பும் அன்பைக்கூடக் கிள்ளிவிடும் வழக்கு இது என்று அந்தத் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். யோசித்துச் செய்த, அநியாயமும் இல்லாத ஒரு பேரத்தை ஒருவர் அலட்சியமாக உதறிவிட்டுப் போக இந்தக் கோட்பாடு இடம் கொடுக்கிறதே என்பது அவர் மனத்தாங்கல். எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் தீர்ப்பு தர்க்கப்படி சரியானது என்பதில் சந்தேகம் இல்லை.

அப்படியானால் டியூ வழக்குப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டிருக்கலாம், டியூவுக்கு உரிமை இருந்தது. ஆனால் டியூவுக்கு என்ன நஷ்டம்? சரக்கு விற்றாகிவிட்டது, பணம் வந்துவிட்டது. 5 பவுண்டும் டன்லப்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறது. டன்லப் டியூவையாவது பிடிக்கலாமா என்றால் அதுவும் கடினம். உறுதிமொழி வாங்கச் சொன்னார்கள், டியூ வாங்கிவிட்டார், அவர் எதையும் மீறவில்லை. நஷ்டப்பட்டவரிடம் வாக்கு இல்லை, வாக்கு வைத்திருப்பவருக்கு நஷ்டம் இல்லை. பிரிவிட்டி விதியைக் குறைசொல்கிறவர்கள் எல்லோரும் சுட்டிக்காட்டுவது இந்த ஓட்டையைத்தான். பின்னாளில், 1967இல், பெஸ்விக் வழக்கில் பிரபுக்கள் சபை இதற்கு ஒரு வழி காட்டியது: வாக்கைப் பெற்றவர், மூன்றாமவருக்கு வாக்குப்படியே செய் என்று நீதிமன்றத்தின் மூலம் கட்டாயப்படுத்தலாம். ஆனால் அதற்கும் நடுவில் இருக்கும் வியாபாரி வழக்காட மனம் வைக்க வேண்டும். தன்னிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் கடையோடு எந்த விநியோகஸ்தர் சண்டைக்குப் போவார்?

நிபந்தனையைச் சரக்கின் மேலேயே ஒட்டிவிட்டால் என்ன என்ற எண்ணமும் அன்றே எழுந்தது. 1904இல் டாடி என்ற புகையிலைக் கம்பெனி, பொட்டலத்தை ஏற்றாலே விலை நிபந்தனையையும் ஏற்றதாகும் என்று விலைப்பட்டியல்களிலும் பொட்டலங்களிலும் அச்சிட்டுப் பார்த்தது. மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடைக்காரர், நிபந்தனை தெரிந்திருந்தும் குறைத்து விற்றார். நிபந்தனை சரக்கோடு சேர்ந்து ஓடாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. நிலத்தின் மீதான சில கட்டுப்பாடுகள் நிலத்தை வாங்குபவரையும் தொடர்கின்றன. அசையும் பொருளுக்கு அந்த வசதி கிடையாது. காப்புரிமை பெற்ற பொருளுக்கு மட்டும் ஒரு விலக்கு இருந்தது. எடிசனின் ஃபோனோகிராஃப் விற்பனை தொடர்பாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெங்க் வழக்கில், நிபந்தனை தெரிந்தே வாங்கியவரை அது கட்டுப்படுத்தும் என்று 1911இல், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது. அதற்கு அடிப்படை ஒப்பந்தம் அல்ல, காப்புரிமை.

இனி இந்தியா. ஒப்பந்தச் சட்டத்தின் 2(d) பிரிவு, வாக்களித்தவரின் விருப்பப்படி ‘வாக்குப் பெற்றவரோ வேறு எவருமோ’ செய்வது பிரதிபலன் என்கிறது. இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னையா எதிர் ராமய்யா. ஒரு தாய் தன் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதினார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். மகளும் அப்படிக் கொடுப்பதாக அந்த உறவினருக்குத் தனியாக எழுதிக் கொடுத்தார்; பிறகு மறுத்தார். பிரதிபலன் தாயிடமிருந்து வந்தது, அது போதும் என்று நீதிமன்றம் தொகையைக் கொடுக்கச் சொன்னது. இந்த வழக்கை வைத்து ‘இந்தியாவில் பிரிவிட்டி கிடையாது’ என்று எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அங்கே வாக்கு நேராக வழக்குத் தொடர்ந்தவருக்கே கொடுக்கப்பட்டிருந்தது. அவர் தரப்பு. அவரிடம் இல்லாதது பிரதிபலன் மட்டும்தான். 2(d) நீக்குவது இரண்டாவது தடையை. முதல் தடை அப்படியே நிற்கிறது. உச்ச நீதிமன்றம் சாக்கோ எதிர் திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி வழக்கில் அதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: தரப்பு அல்லாதவர் ஒப்பந்தத்தை அமல்படுத்த முடியாது, அறக்கட்டளை முறையில் பயன்பெறுபவர், குடும்ப ஏற்பாட்டில் பயன்பெறுபவர் போன்ற சில விலக்குகள் உண்டு. மூன்றாமவருக்குப் பொதுவான உரிமை கொடுக்கலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1958இல் பரிந்துரைத்தது; நாடாளுமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது செல்ஃப்ரிட்ஜ் வழக்கை இந்த விதிகளின் கீழ் வைத்துப் பாருங்கள். டியூ தன் பெயரில், தனக்காகவே அந்த உறுதிமொழியை வாங்கினார் என்றால் டன்லப் இங்கேயும் தோற்கும், 2(d) உதவாது. ஆனால் அந்த உறுதிமொழியை வாங்குவதில் மட்டும் டியூ டன்லப்பின் முகவர் என்று நிரூபித்துவிட்டால் கதை மாறுகிறது. முகவர் வழியாக வாக்கைப் பெற்றவர் டன்லப். பிரதிபலன் கொடுத்தவர் டியூ, அதாவது ‘வேறு எவரும்’. இங்கிலாந்தில் டன்லப்பைக் கடைசியில் வீழ்த்திய காரணம் இந்தியாவில் இல்லை. ஆகவே ஒப்பந்தச் சட்டத்தை மட்டும் பார்த்தால், முகவர் வாதம் நிலைத்தால் டன்லப் இங்கே வென்றிருக்கும் என்பது என் கருத்து. இதைக் கருத்து என்றுதான் சொல்கிறேன். இந்த இரண்டு தடைகளையும் பிரித்துக் காட்டும் விடைக்கு மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

இங்கிலாந்திலும் சட்டம் அப்படியே நின்றுவிடவில்லை. மூன்றாமவருக்கு உரிமை வேண்டும் என்று 1937இலேயே ஒரு குழு சொன்னது. சட்டம் வந்தது 1999இல். ஒப்பந்தம் ஒருவரைப் பெயராலோ வகையாலோ அடையாளம் காட்டி அவருக்குப் பயன் தருவதாக இருந்தால், அவர் தரப்பாக இல்லாவிட்டாலும் வழக்குத் தொடரலாம். தரப்பினருக்கு அந்த எண்ணம் இல்லையென்று ஒப்பந்தத்திலிருந்தே தெரிந்தால்தான் முடியாது. ‘டன்லப்புக்கு 5 பவுண்டு’ என்ற வரி இன்று எழுதப்பட்டிருந்தால் இந்தச் சட்டத்தின் வாசகத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும். பிரிவிட்டி தடை விலகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் டன்லப் வெல்லாது.

ஏனென்றால் இதற்குள் விலை நிபந்தனையே சட்டத்தின் கண்ணில் வேறொன்றாகிவிட்டது. 1956இல் இங்கிலாந்து, தனி உற்பத்தியாளர் தன் விலை நிபந்தனையை, அது தெரிந்தே வாங்கிய கடைக்காரர் மீது அவர் ஒப்பந்தத் தரப்பாக இல்லாவிட்டாலும் அமல்படுத்தலாம் என்று சட்டமே போட்டது. அதாவது செல்ஃப்ரிட்ஜ் தீர்ப்பை விலை நிபந்தனைகளைப் பொறுத்தவரை நாடாளுமன்றம் கவிழ்த்தது. எட்டே ஆண்டுகளில், 1964இல், அதே நாடாளுமன்றம் மறுவிற்பனை விலையைக் கட்டுப்படுத்துவதே பொதுவாகச் செல்லாது என்று திருப்பிப் போட்டது. புத்தகங்களுக்குக் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது. அந்த ஏற்பாடும் 1990களில் உடைந்தது. அமெரிக்கா எதிர்த் திசையில் நடந்தது. டாக்டர் மைல்ஸ் மருந்துக் கம்பெனி வழக்கில் 1911இல் குறைந்தபட்ச விலை நிபந்தனையை அடியோடு சட்டவிரோதம் என்றார்கள். 2007இல் லீஜின் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒவ்வொரு ஏற்பாட்டின் விளைவையும் எடைபோட்டே முடிவு செய்ய வேண்டும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

இந்தியாவில் 1969இன் ஏகபோகச் சட்டம் குறைந்தபட்ச மறுவிற்பனை விலை நிபந்தனையைச் செல்லாது என்றது. இன்று அந்த இடத்தில் இருப்பது 2002இன் போட்டிச் சட்டம், பிரிவு 3(4)(e). இதில் பலர் கண்ணில் படாமல் போகும் ஒரு வரி உண்டு. குறித்த விலைக்குக் கீழேயும் விற்கலாம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் அது மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு ஆகாது. அதாவது சட்டத்தின் கவலை கீழ் எல்லையைப் பற்றியது. மேல் எல்லை வைப்பது வேறு விஷயம். இன்னொன்று, இப்படிப்பட்ட நிபந்தனை தானாகவே செல்லாததாகிவிடாது. போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு உண்டாக்குகிறது அல்லது உண்டாக்கக்கூடும் என்று காட்ட வேண்டும். இந்த எடைபோடுதல் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கடினம். டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியதற்காகப் போட்டி ஆணையம் 2017இல் ஹூண்டாய் கம்பெனிக்கு 87 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2021இல் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் விதித்தபோது ஆணையம் கூடுதல் கவனத்தோடு ஆதாரம் அடுக்கியது: வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை மாருதியே ஷோரூம்களுக்கு அனுப்பிச் சோதித்தது, அனுமதித்த அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுத்த டீலருக்கு மட்டுமல்லாமல் ஷோரூம் ஊழியர்களுக்கும் அபராதம் போட்டது, இவற்றைப் பற்றிய மின்னஞ்சல்கள். டியூவின் தாளில் இருந்த 5 பவுண்டின் பேரப்பிள்ளைதான் டீலர்கள் மீது மாருதி போட்ட அந்த அபராதம் என்று எனக்குத் தோன்றியது.

இதெல்லாம் தெரிந்த உற்பத்தியாளர் இன்று என்ன செய்கிறார்? ஒவ்வொரு சில்லறை விற்பனையாளரிடமும் நேரடியாக ஒரு துணை ஒப்பந்தம் வாங்கலாம். விநியோகஸ்தர் தன் உரிமையைத் தனக்கு மாற்றிக் கொடுக்கும்படி எழுதி வாங்கலாம். இரண்டும் பிரிவிட்டி தடையைத் தாண்ட உதவும். போட்டிச் சட்டத்தைத் தாண்ட உதவாது. நேரடியாகக் கையெழுத்து வாங்குவது ஆதாரத்தைத் தாமே தயாரித்துக் கொடுப்பதாகவும் முடியலாம். எனவே பெரும்பாலானவர்கள் ‘பரிந்துரைக்கும் விலை’ என்று அச்சிட்டு, குறைக்கும் சுதந்திரம் உண்டு என்ற வரியையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வரியை எழுதிவிட்டு, குறைத்தவருக்கு மட்டும் சரக்கு தாமதமாகப் போனால், நீதிமன்றம் தாளைவிட நடத்தையைத்தான் பார்க்கும்.

மற்றொரு வழி, மறுவிற்பனையே நடக்காதபடி செய்வது. கடைக்காரர் உண்மையான முகவராக இருந்து, சரக்கு கடைசி வரை உற்பத்தியாளரின் உடைமையாகவே இருந்தால், தன் சரக்குக்குத் தானே விலை வைப்பதை யாரும் கட்டுப்பாடு என்று சொல்ல முடியாது. டன்லப்பும் 1911இல் டியூவை இப்படி வைத்திருந்தால் தன் டயரின் விலையைத் தன் கையில் வைத்திருந்திருக்கலாம். ஆனால் உறுதிமொழி வாங்க மட்டும் டியூவை முகவர் ஆக்கி, சரக்கை மட்டும் விலைக்கு விற்றுவிட்டது. இப்படிப்பட்ட ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது ‘முகவர்’ என்ற சொல்லை அல்ல. விற்காமல் தேங்கிய சரக்கைத் திரும்ப எடுப்பவர் யார், கிடங்கில் தீப்பிடித்தால் நஷ்டம் யாருக்கு, வாடிக்கையாளர் கடனைக் கட்டாவிட்டால் யார் தலையில் விழும் என்று பார்ப்பேன். மூன்றுக்கும் விடை கடைக்காரர் என்றால், தாளில் எத்தனை முறை முகவர் என்று எழுதியிருந்தாலும் அவர் தன் சரக்கை மறுவிற்பனை செய்கிறவர்தான். அவர் விலையில் கை வைக்கும் நிபந்தனையும் 3(4)(e)இன் கீழ்தான் சோதிக்கப்படும்.